கண்ணிக்கு ஒரு நீர்

இஞ்ஞாசியின் வத்தை
பார்வைக்கு முழுசாய்த்தான் இருந்தது.
தோணித்துறை மணலில் கவிழ்த்துப் போட்டு
சுத்தியலால் தட்டினான்.
பொக்கென்றது, காய்ந்த சுரைக்குடுவை மாதிரி.
கட்டைவிரல் வைத்து அழுத்த
அயினிப் பலகை
நனைந்த பிஸ்கட்டாய் உள்ளே போனது.

உள்ளே விரல் நீளத்தில்
பால்வெள்ளையாய், எலும்பில்லாத சோம்பலாய்
கப்பல்புழு.

"இதையா தேடி வந்தீங்க?"
"ஆமாம்" என்றேன்,
ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்தபடி.
அதன்பிறகு இரண்டு மாதம்
அவன் என்னோடு பேசவில்லை.

அவனுக்குச் சொல்லாமல் விட்டது இது:
மரத்தைக் கடிக்க எந்த வாயாலும் முடியும்.
செரிப்பது வேறு.
சர்க்கரையோடு சர்க்கரை கோத்து
ஆயிரம் கண்ணி நீளத்துக்கு
மரம் தனக்குத்தானே முடிந்துகொண்ட வலை அது.
சோற்றிலும் அதே சர்க்கரைதான்.
முடிச்சை மட்டும் திருப்பிப் போட்டிருக்கிறது.
அந்த ஒரு திருப்பத்தில்
நமக்குச் சோறு வேறு, விறகு வேறு.

புழுவுக்கும் அது தெரியாது.
அதன் செவுளில் குடியிருக்கும்
கண்ணுக்கெட்டாத ஒன்றுக்குத் தெரியும்.
நொதி என்று பதிவேட்டில் எழுதுகிறோம்,
என்சைம் என்று பேசிக்கொள்கிறோம்,
முடிச்சுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மண்டபத்தில் மூடிப்போன ஐஸ் கம்பெனியில்
எங்கள் ஆய்வுக்கூடம்.
உச்சிப்புளியிலிருந்து
முத்திருளாண்டி சாக்கில் கொண்டுவருவார்,
கரிமூட்டத்துக்கு ஆகாத
சீமைக்கருவேல் சுள்ளி.
"எரிச்சா கறுப்பாவது மிஞ்சும்.
உங்க குழம்புல என்ன மிஞ்சும்?"
அரைத்து, காரத்தில் வேகவைத்து, பிழிந்து
நாங்கள் காட்டியது
ஈரப்பஞ்சு போல ஒரு கை நார்.
சிரிக்காமல் சிரித்துவிட்டுப் போனார்.

சித்திரை முடிய ஒன்பது நாள்.
தண்ணீர் லாரி வரவில்லை.
"வடிச்ச தண்ணி அரை கேன்தான்கா" என்றாள் பவுசியா,
கேனைச் சாய்த்துக் காட்டி.
தப்பு செய்தவர்களை மாற்றிப் போடும்
தண்ணியில்லாக் காடு என்பார்கள் எங்கள் மாவட்டத்தை.
நான் தப்பு எதுவும் செய்யவில்லை,
விண்ணப்பித்து வந்தவள்.
வாளியை எடுத்துக்கொண்டு
நூறு அடி நடந்தேன்.
புழுவுக்கு ஆகிற தண்ணீர்
புழுவின் சரக்குக்கு ஆகாதா?

வடிகட்டினேன். கலந்தேன்.
நாற்பது டிகிரியில் ஒரு மணி நேரம்.
நடுவில் கரண்ட் போய் வந்தது.
பிறகு மஞ்சள் மருந்தை ஊற்றி
கொதிநீரில் ஐந்து நிமிடம்.
நொதியில்லாத குழாய் மஞ்சளாகவே நின்றது.
அடுத்தது
ஓரத்திலிருந்து சிவந்துகொண்டே வந்து
பழுப்பில் நின்றது.
சர்க்கரை.

அந்த நிறத்தை எங்கோ பார்த்திருக்கிறேன்.
இரவு சாப்பிடும்போதுதான் பிடிபட்டது:
புழு அண்டாதிருக்க
வத்தைக்குப் பூசுவார்களே முந்திரி எண்ணெய்,
அதே நிறம்.

ஒவ்வொரு கண்ணி அறும்போதும்
ஒரு துளியிலும் துளியான நீர்
உடைந்து இரு பக்கமும் ஒட்டிக்கொள்கிறது.
நிலத்தடி வரைக்கும் வேர்விட்டு
இந்த ஊரைக் குடித்த மரம்,
குடித்ததைக் கண்ணிக்கு ஒன்றாய்த்
திருப்பி வைத்தால்தான் இனிப்பைத் தருகிறது.
வைத்தோம்.
கடலிடம் கடன் வாங்கி,
உப்பை அப்படியே விட்டுவிட்டு.

ஆடியில் இஞ்ஞாசி வந்தான்,
கையில் பலகைக்கடை பில்.
"பதினாலாயிரம். உங்க புழுகிட்ட வாங்கித் தாங்க."
கணக்கில் அதற்குத் தலைப்பில்லை.
மாதிரி சேகரிப்புச் செலவு என்று
நாலாயிரம் வரை எழுதலாம் என்றேன்.
எண்ணி வாங்கிக்கொண்டான்.

போகிறவன் அலமாரி முன் நின்றான்.
குப்பியில் என் கையெழுத்து:
சந்தியாகப்பர் துணை, இடப்பக்கம், பலகை மூன்று.
"ஓட்டை நாலு பலகையில."
"நாலிலும் எடுத்தேன்.
மூன்றில் இருந்ததுதான் பிழைத்தது."

மூடியைத் திறந்து மோந்தான்.
"புளிச்ச வாடை" என்றான்.
மூடியை
இரண்டு தரம் திருகி இறுக்கிவிட்டுப் போனான்.